மூடியில் பூசிய திருநீறு

கேதீஸ்வரிக்கு மூக்கு கூர்மை. பிறவியில் வந்ததல்ல, கலியாணத்துக்குப் பிறகு வளர்ந்தது. பொழுது சாய்ந்து புருஷன் அழகரத்தினம் வாசலில் கால் வைத்ததும், அவர் தோளில் கிடக்கும் துவாயை வாங்குகிற சாட்டில் ஓர் எட்டுக் கிட்டப் போய் நிற்பாள். அந்த ஒரு மூச்சில் எல்லாம் தெரிந்துவிடும். சாராயமா களவாய்க் காய்ச்சிய கசிப்பா, கால் போத்தலா முழுப் போத்தலா, இன்றைக்குச் சோறு தின்பாரா சட்டியைத் தூக்கி எறிவாரா என்பதுவரை தெரிந்துவிடும்.

பதினாறு மாதமாக அந்த மூச்சில் தேத்தண்ணீர் மணத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. கொக்கட்டிச்சோலைக் கோயிலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்துவிட்டு வந்த மனிதர், அதற்குப் பிறகு தொடவில்லை. தேற்றாத்தீவில் இதை நம்பியவர்கள் குறைவு. பெற்ற மகள் ஆர்த்திகாவே உடனே நம்பவில்லை. தாதியர் பயிற்சிக்கென்று விடுதிக்குப் போனவள் ஒரு வருடம் வீட்டுப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. பிறகுதான் மாதத்தில் ஒரு சனிக்கிழமை வந்து போகத் தொடங்கினாள். வந்த முதல் நாளே தாயைக் கூப்பிட்டுச் சொல்லியும் வைத்தாள்.

"அப்பா ஒருக்கா குடிச்சாரெண்டாலும் நான் இந்த வளவுக்க கால் வைக்க மாட்டன்மா. மறுகா நீங்களும் அவரும்தான்."

இப்படிப்பட்ட வீட்டுக்குள் பன்னிரண்டு போத்தல் வைனைக் கொண்டுவந்து வைத்த புண்ணியவதி வேறு யாருமல்ல, கேதீஸ்வரியேதான்.

எல்லாம் வத்தகப்பழத்தால் வந்த வினை. அந்த வருடம் மணல் தோட்டத்தில் காய்ப்பு அப்படி. ஒவ்வொன்றும் கைக்குழந்தையின் பாரம். அறுவடை நேரம் பார்த்துக் கொழும்புப் பக்கம் வெள்ளம் என்று லொறிகள் வரவில்லை. பழம் வளவில் குவிந்து கிடந்து வெடிக்கத் தொடங்கியது. ஆடு தின்று, மாடு தின்று, அயல்வீட்டார் தின்று, இனி யார் தின்பது என்று கையைப் பிசைந்துகொண்டிருந்த நேரத்தில்தான் மட்டக்களப்பு டவுனிலிருந்து ரொசலின் போன் எடுத்தாள். பறங்கிப் பெண். கேதீஸ்வரியோடு ஒரே வகுப்பில் தையல் படித்தவள்.

"மகன்ட கலியாணம் வருகிதுகா. எங்கட வீட்டுக் கலியாணம் வைன் இல்லாம நடக்காது. எனக்கு இந்த முறை இடுப்பு ஏலா. நீ ஒரு டசின் போத்தல் போட்டுத் தா. பழம் சும்மா அழுகத்தானே போகிது."

"ஐயோ ரொசலின், இந்த வீட்டுக்குள்ள குடியா?"

"வைன் என்ன குடியா? சேர்ச்சில பாதர் குடிக்கிறார்."

இந்த ஒரு சொல்லில் கேதீஸ்வரி விழுந்தாள். அவளுடைய கணக்கில் குடி என்றால் சாராயம், கசிப்பு, பியர். பழச்சாறு அந்தப் பட்டியலில் இல்லை. பழத்தை வெட்டி, கறுப்பு விதையைப் பொறுக்கி எறிந்து, சிவந்த சதையைக் கசக்கிப் பிழிந்து துணியில் வடித்தாள். சீனி, தேசிப்புளி, ஒரு பிடி பிளம்ஸ், அப்பத்துக்குப் போடுகிற ஈஸ்ட் எல்லாம் ரொசலின் சொன்ன அளவில் போட்டு இரண்டு தண்ணீர்க் கலன்களில் ஊற்றினாள். கலன் வாய்களில் ஊசியால் துளையிட்ட பலூன்களை மாட்டினாள்.

"பலூன் நிமிந்து நிக்கும். அது தானாச் சரியும் மட்டும் போத்தல்ல ஊத்தாத, விளங்கிச்சா?" என்று ரொசலின் இரண்டு தரம் சொல்லியிருந்தாள்.

பலூன்கள் இரண்டும் மறுநாளே எழும்பி நின்றன. தட்டுமுட்டுச் சாமான் போடுகிற தகரக் கூரை அறையின் மூலையில் மஞ்சளும் சிவப்புமாக அவை நிற்பதை எட்டாம் நாள் அழகரத்தினம் கண்டுவிட்டார். மண்வெட்டி எடுக்கப் போனவர் அப்படியே நின்றார்.

"இதென்னகா?"

"ஜூஸ். ரொசலின்ட வீட்டுக்கு."

அவருடைய மூக்குத் துவாரம் இரண்டும் விரிந்து சுருங்கியதைக் கேதீஸ்வரி கண்டாள். பாதராவது சேர்ச்சாவது, அந்தப் புளித்த இனிப்பு மணம் அவருக்கு எதை ஞாபகப்படுத்தும் என்று அப்போதுதான் உறைத்தது. பலூன் சரியவில்லை என்பதையும் பாராமல், அவர் தோட்டத்துக்குப் போன கையோடு பன்னிரண்டு பழைய சாராயப் போத்தல்களைக் கழுவிக் காயவைத்து, ஊற்றி, மணம் ஓர் இம்மியும் வெளியே வராதபடி மூடியை இறுக்கித் திருகினாள். நெல் மூட்டைகளுக்குப் பின்னால் மறைத்தாள். ரொசலினின் மகனுக்குக் கலியாணம் அடுத்த வாரம். அதுவரை கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்த்துக்கொண்டால் போதும்.

அதிலும் மனம் ஆறவில்லை. திங்கட்கிழமை பின்னேரம் திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து, ஒவ்வொரு மூடியும் கழுத்தும் சேருமிடத்தில் விரலால் ஒரு கோடு இழுத்தாள். மூடியைத் திருகினால் கோடு உடையும், தெரிந்துவிடும். அதுமட்டுமல்ல, சுவாமியின் திருநீற்றை உடைக்க எந்தப் பாவிக்கு மனம் வரும்?

செவ்வாய்க்கிழமை காலை போய்ப் பார்த்தாள். பன்னிரண்டு கோடும் உடைந்திருந்தன.

கேதீஸ்வரி நெல் மூட்டையின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒரு போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஊற்றிய அளவிலிருந்து ஒரு விரற்கடை குறைந்திருந்தது. அடுத்ததும் அப்படி. அதற்கடுத்ததும் அப்படி. எல்லாவற்றிலும் ஒரே அளவு. அந்தக் காலத்தில் அவர் செய்த வேலை இது. ஒரு போத்தலில் குடித்தால் தெரிந்துவிடும் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பார்.

வெளியே வந்தபோது அழகரத்தினம் கிணற்றடியில் நின்றார். நெற்றியில் திருநீறு. வாயில் வெற்றிலை. வெற்றிலையை விட்டு எவ்வளவோ காலமான மனிதர்.

"என்ன, வெத்திலை?" என்றாள்.

"சும்மா. வாய் ஒரு மாதிரிக் கிடந்திச்சி."

வாய் மணத்தை மறைக்க வெற்றிலை, வேஷத்துக்குத் திருநீறு. கேதீஸ்வரிக்கு அந்த நெற்றியைப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. பின்னேரம் அவர் வந்ததும் வழக்கம்போலக் கிட்டப் போனாள். வெற்றிலையும் புகையிலையும்தான் மணத்தன. ஆனால் வாங்கிய துவாயை அடுப்படியில் தனியாக நின்று முகத்தில் வைத்துப் பார்த்தாள். துவாயின் ஒரு பக்கம் முழுக்க வைன் மணம். வாயைத் துடைத்திருக்கிறார்.

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. சண்டை பிடிக்கவும் இல்லை. சண்டை பிடித்தால் அது உண்மையாகிவிடும் என்று பயந்தாள். சனிக்கிழமை மகள் வருகிறாள். வாய் திறந்தால் அழுதுவிடுவேன் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு இரண்டாம் தரமும் கோடு இழுத்தாள். புதன்கிழமை காலை அவையும் உடைந்திருந்தன. தரையில் யாரோ ஈரத்தைத் துடைத்த அடையாளமும் இருந்தது.

வியாழக்கிழமை களுவாஞ்சிகுடிக்குப் போய் மெல்லிய கம்பிச் சுருளொன்றும் ஆமைப்பூட்டொன்றும் வாங்கி வந்தாள். ஒவ்வொரு மூடியையும் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு சுற்று இறுக்கி, கழுத்தோடு சேர்த்துக் கம்பியால் வரிந்து கட்டினாள். அறையைப் பூட்டித் திறப்பைச் சட்டை ஊசியில் கோத்துத் தாலிக்கொடியில் மாட்டிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை அழகரத்தினம் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"அந்த அறைத் திறப்பு எங்ககா?"

"என்னத்துக்கு?"

"ஒரு அலுவல்."

"மம்பட்டி வெளியதான் கிடக்கு. வேற என்ன அலுவல்?"

அவர் நிலத்தைப் பார்த்தார். "ஒள்ளுப்பம் தா கேதீஸ். அஞ்சு நிமிசத்தில திருப்பித் தந்திர்றன்."

நீட்டிய கை நடுங்கியது. அந்த நடுக்கத்தை அவளுக்குத் தெரியும். அந்த நடுக்கத்தோடுதான் அவர் ஒரு காலத்தில் அவளுடைய காதுத் தோட்டைக் கழற்றித் தரச்சொல்லி நின்றார்.

"தர மாட்டன்."

"அப்பிடிப் பூட்டி வச்சா..." என்று தொடங்கினார்.

"பூட்டி வச்சா என்ன? செத்திருவீங்களா?"

வாய் வரைக்கும் வந்த சொல்லை அழகரத்தினம் விழுங்கினார். கொஞ்ச நேரம் அவளுடைய கழுத்தில் தொங்கிய திறப்பைப் பார்த்தார். பிறகு துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். கேதீஸ்வரி அகப்பையைப் பிடித்தபடி நின்றாள். பதினாறு மாதமும் தண்ணீரில் போட்ட உப்பாகிவிட்டது என்று நினைத்து அழுதாள்.

சனிக்கிழமை கச்சான் காற்று அனலாய் அடித்தது. தகரக் கூரைமேல் காகம்கூட உட்காரவில்லை. நான்கு மணி பஸ்ஸில் மகள் வருவாள் என்று கேதீஸ்வரி இறால் உரித்துக்கொண்டிருந்தாள். என்ன சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தாள். சொல்லாமல் விட்டால் என்ன என்றும் பார்த்தாள். மூன்று மணி இருக்கும், அழகரத்தினம் தோட்டத்திலிருந்து நேரத்தோடு வந்துவிட்டார். அடுப்படிக்கு வரவில்லை. எட்டிப் பார்த்தபோது, பூட்டிய கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றார்.

அவளுக்குத் தலைக்கேறிவிட்டது. இறால் சட்டியைத் தள்ளிவிட்டுப் போனாள்.

"வெக்கமா இல்லையா உங்களுக்கு? பெத்த புள்ள வாற நேரம்..."

"தள்ளி நில்லுகா!"

அவர் அவளைத் தோளில் பிடித்துத் தள்ளினார். இத்தனை வருடக் குடியிலும் சட்டியை எறிந்திருக்கிறாரே தவிர, அவள்மீது கை வைத்ததில்லை. அவள் வாயைத் திறப்பதற்குள் உள்ளே வெடி வைத்தது போல ஒரு சத்தம். கண்ணாடி தகரத்தில் போய் அடித்துச் சிதறியது. கூரையில் தூசி கொட்டியது.

"திறப்ப எடு! கெதியா எடு!"

ஊசி கொடியில் சிக்கியது. இரண்டாவது வெடித்தது. கதவின் கீழால் இளஞ்சிவப்புத் தண்ணீர் வழிந்து அவள் காலடிக்கு வந்தது. திறப்பு கைக்கு வந்ததும் அவர் பறித்துப் பூட்டைத் திறந்தார். கிணற்றடியில் நனைந்து கிடந்த சாக்கைத் தூக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தார். மூன்றாவது போத்தல் அவர் உள்ளே நிற்கும்போது வெடித்தது. கேதீஸ்வரி குழறினாள்.

மீதி ஒன்பதையும் ஈரச் சாக்கில் பொதிந்து வெளியே கொண்டுவந்து, நிழலில் இறக்கிவிட்டுத்தான் மனிதர் நிமிர்ந்தார். தலையிலிருந்து கால்வரை வைனில் குளித்திருந்தார். வலது உள்ளங்கை கிழிந்து இரத்தம் சொட்டியது.

"கம்பியும் கட்டினியாகா?" என்றார். குரலில் கோபம் இல்லை. ஆச்சரியம்தான் இருந்தது.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"கசிப்புக்கு ஊறப்போடுற கோடாப் பானைய இறுக்கி மூடினா வெடிக்கும் கேதீஸ். அந்தக் காலத்தில ஒருத்தன்ட கண் போனத நான் பக்கத்தில நிண்டு கண்டனான். நீ வச்ச போத்தல் மூடியெல்லாம் புடைச்சிப் போய்க் கிடந்திச்சி. அதான் ரெண்டு நாளும் விடியக்காலம் ஒவ்வொண்டாத் திருகிக் காத்தப் போக்கிப்போட்டு மூடி வச்சன். நுரைச்சி வழிஞ்சத இந்தத் துவாயாலதான் துடைச்சன்."

"திருநீறு போட்டிரிந்தனே..."

"கண்டன். உடைக்க மனம் வரல்ல. தொட்டு நெத்தியில பூசிப்போட்டுத்தான் திருகினன்."

அந்த நெற்றியைப் பார்த்துப் பல்லைக் கடித்தது அவளுக்கு ஞாபகம் வந்தது.

"ஏன் எனக்கிட்ட ஒரு சொல் சொல்லல்ல?"

"சொன்னா நம்பியிருப்பியா?"

அவள் அவர் தோளில் கிடந்த துவாயைப் பார்த்தாள்.

"நீ துவாய வாங்க வரக்குள்ளயெல்லாம், நீ மணந்து முடியும் மட்டும் நான் மூச்ச நல்லா விட்டுத்தானே நிண்டன்" என்றார் அழகரத்தினம். "பதினாறு மாசமா."

கேதீஸ்வரி முகத்தைப் பொத்திக்கொண்டாள். அவர் நிறுத்தவில்லை. இப்போது விட்டால் பிறகு சொல்ல வராது என்பது போலப் பேசினார்.

"குடிக்கல்ல. ஆனா மணந்தன். பன்னிரண்டையும் மணந்தன். கடைசிப் போத்தலத் திறக்கக்குள்ள கை நடுங்கும், வாயூறும். மூடிப்போட்டு வெத்திலையப் போட்டுக்கொண்டு தோட்டத்துக்கு ஓடிருவன். நேத்து உனக்கிட்டத் திறப்பக் கேக்கக்குள்ளயும் எனக்கே தெரியா, காத்தப் போக்கக் கேக்கிறனா, குடிக்கக் கேக்கிறனா எண்டு. அதான் மறுகா வாய் திறக்கல்ல."

பழக்கதோஷம், அவள் ஓர் எட்டுக் கிட்டப் போனாள். மூச்சை இழுத்தாள். மயிர், சட்டை, தோல், இரத்தம் எல்லாமே வைன். அந்தக் கூர்மையான மூக்கு முதல் தடவையாக ஒன்றுக்கும் உதவவில்லை.

நிழலில் கிடந்த சாக்குக்குள் ஒரு மூடி டக்கென்று முறுகியது.

"அதுகளையும் திறக்கணும்" என்றார் அவர், பின்வாங்கிக்கொண்டே. "எனக்கு ஏலாகா. இந்தக் கையாலயும் ஏலா, மனதாலயும் ஏலா. நீ திற. நான் அங்கால நிண்டு சொல்றன்."

முருங்கை மரத்தடிக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கேதீஸ்வரி முதல் போத்தலைச் சாக்கோடு சேர்த்து மடியில் அணைத்தாள். அடுப்படிக் குறட்டால் கம்பியை முறுக்கி எடுத்தாள்.

"முகத்தத் திருப்பிக்கொள். கால் திருகு மட்டும் திருகு. சத்தம் நிண்டாப் பிறகு இன்னும் ஒள்ளுப்பம்."

மூடி அசைந்ததும் சீறிக்கொண்டு வந்தது. அவள் கண்ணை இறுக்கி மூடினாள். சீறல் நின்றது. கைகால் முழுசாகத்தான் இருந்தன. அடுத்ததை எடுத்தாள். ஐந்தாவதில் கம்பி வழுக்கிப் போத்தல் கையை விட்டுப் போகப் பார்த்தது. அவர் திரும்பவில்லை, "விட்டிராத, விட்டிராத" என்று மரத்தைப் பார்த்தே கத்தினார். ஒன்பதாவது சீறி அடங்கியபோது இருவருக்கும் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ரொசலினுக்குப் போன் எடுத்து, இருக்கிற கோலத்தோடு ஓட்டோவில் வந்து இதுகளை எடுத்துக்கொண்டு போ என்றாள். பிறகு திறப்பை அவரிடம் நீட்டினாள்.

"இந்தாங்க. இனி இது எனக்கு வேணாம்."

"உனக்கிட்டயே கிடக்கட்டும். அவ வந்து எடுக்கும் மட்டும் பூட்டி வை. எனக்கு இன்னும் மணக்கிது."

அவள் திரும்பவும் கொடியில் மாட்டினாள். போத்தல்களைத் தூக்கக் குனிந்தபோது வாசல் கேட்டு கிறீச்சிட்டது. ஆர்த்திகா வந்துவிட்டாள்.

பையோடு நின்றவளின் கண் முதலில் போனது வரிசையாக நின்ற ஒன்பது சாராயப் போத்தல்களுக்கு. பிறகு முருங்கையடியில் நனைந்து நின்ற தகப்பனுக்கு. காற்று அவள் பக்கமாகத்தான் அடித்தது. முகம் கல்லானது.

"இதப் பாக்கத்தானா என்னக் கூப்பிட்டீங்க?" என்று தாயிடம் கேட்டுவிட்டுத் திரும்பினாள்.

அழகரத்தினம் தலையைக் குனிந்துகொண்டார். கேதீஸ்வரிதான் ஓடிப்போய்ப் பையைப் பிடித்தாள்.

"நில்லு மகள். அதெல்லாம் நான் வடிச்சது, ரொசலின் அன்ரிக்கு. வெடிச்சிட்டு. எனக்குப் படாமத் தள்ளிப்போட்டு உள்ளுக்குப் போனவர். ஒரு சொட்டும் வாயில வைக்கல்ல."

"மணக்குதேம்மா!"

"மணக்கும். மேலெல்லாம் ஊத்துண்டு கிடக்கு."

"நீங்க மணந்துதானே கண்டுபிடிக்கிற. இப்ப எப்பிடித் தெரியும், குடிக்கல்லயெண்டு?"

"அப்பா சொன்னார்" என்றாள் கேதீஸ்வரி.

ஆர்த்திகா தாயை உற்றுப் பார்த்தாள். இந்த வாயிலிருந்து இந்தச் சொல் வந்து அவள் கேட்டதில்லை. பார்வை மெல்ல இறங்கித் தாலிக்கொடியில் நின்றது.

"அப்ப இந்தத் திறப்பு என்னத்துக்கு?"

கேதீஸ்வரி உண்மையைச் சொல்லத்தான் வேண்டும் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் முருங்கையடியிலிருந்து குரல் வந்தது.

"நான்தான் மகள், அம்மாக்கிட்ட வச்சிரிக்கச் சொன்னன்."

அவருடைய விரல் நுனியிலிருந்து இரத்தம் மணலில் சொட்டிக்கொண்டிருந்ததை ஆர்த்திகா அப்போதுதான் கண்டாள். தாயின் பிடியிலிருந்து பையை விடுவித்துக்கொண்டாள். கேட்டின் பக்கம் ஒருதரம் பார்த்தாள். பிறகு பையை வளவு மணலில் இறக்கிவைத்துவிட்டு நேரே தகப்பனிடம் நடந்தாள்.

"கையக் காட்டுங்கப்பா."

அவர் காட்டினார். தோளில் கிடந்த துவாயை அவள் உருவினாள். அது கனத்துச் சொட்டியது. மணந்து பார்க்கவில்லை, தூர எறிந்தாள்.

"அம்மா, கண்ணாடி உள்ளுக்குக் கிடக்கும் போல. சுத்தமான சீலைத்துண்டு ஒண்டும் சுடுதண்ணியும் கொண்டு வாங்க."

கேதீஸ்வரி அடுப்படிக்கு ஓடினாள்.